தாளத்துக்கு மங்கிய சிறகு

ஊர்வலம் அவர்கள் சந்துக்கு வர இன்னும் நேரம் இருந்தது. வினார்த்தி நாற்காலி மேல் ஏறி நின்று, ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டு நாடா ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் சுதந்திர விழா வந்தால் சும்பர்வாரு ஊரில் எல்லா வீட்டிலும் நடக்கிற வேலைதான். ஒலிபெருக்கிப் பெட்டிகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு லாரிகள் தெருவுக்குள் நுழைந்தால் ஓடுகள் கடகடக்கும். அலமாரியில் தட்டுகள் தாமாக நகரும். நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கையை விட்டுக் குலுக்குவது போலிருக்கும். போன வருஷம் எதிர்வீட்டில் மீன் தொட்டி விரிசல் விட்டுத் திண்டாடிப் போனார்கள். ஊரில் பாதிப் பேர் இந்த லாரிகளைத் திட்டுவார்கள். திட்டுகிறவர்களும் அன்றைக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய் முன்வரிசையில் நிற்பார்கள்.

மதியம் பள்ளி மைதானத்தில் அக்கா மகள் லாரஸுக்கு ஊர்வல வேஷத்துக்கான சிறகைக் கட்டிவிட்டு அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். கண்ணாடிக்கு நாடா ஒட்ட வேண்டும் என்று வகுப்பு ஆசிரியை நானிக்கிடம், பெண்களை ஊரில் அழைக்கும் மரியாதைச் சொல்லில் 'பூ' நானிக்கிடம், சொல்லிவிட்டு வந்தாள். அது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. தான் செய்த ஒன்றை ஊரே பார்க்கும்போது பக்கத்தில் நிற்க அவளால் முடியாது. அவள் தைத்த ரவிக்கையைக் கல்யாணப் பெண் போட்டுப் பார்க்கும்போதுகூட, ஊசி தேடுவது போல உள்ளே போய்விடுவாள். நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்வது அவள் காதில் விழ வேண்டும். ஆனால் சொல்லும்போது அவள் முகத்தை யாரும் பார்க்கக் கூடாது.

தையல் மிஷின் மேல் கிடந்த போன் அதிர்ந்தது. தைவானிலிருந்து அக்கா ரஹாயு. லாரஸைப் பெற்றவள். அங்கே ஒரு படுத்த படுக்கையான கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனபோது லாரஸுக்குப் பால்பல் விழத் தொடங்கியிருந்தது. இப்போது அவள் ஆறாம் வகுப்பு.

வகுப்புக் குழுவில் யாரோ போட்ட வீடியோவை ரஹாயு அனுப்பியிருந்தாள். அடியில் எழுதியிருந்தாள்: "வின், பாட்டுக்கு ஏத்த மாதிரி லைட்டு ஆடுதே! இதெல்லாம் எப்ப கத்துக்கிட்ட? இங்க எல்லார்கிட்டயும் காட்டிட்டேன்."

வினார்த்தி நாற்காலியிலிருந்து இறங்காமலே வீடியோவைத் திறந்தாள். முதலில் முதுகெல்லாம் சிலிர்த்தது. வெயில் முழுதும் இறங்காத வேளையிலும் சிறகுகள் ஜொலித்தன. மயில் நீலத்தில் வெட்டிய ரப்பர் நுரை இறகுகளுக்கு நடுவே ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாகக் கண்ணைக் குத்தியது. முன்னே போகும் லாரியிலிருந்து 'தும்' என்று அடி விழுந்தது. அடி விழும் அந்தக் கணத்தில் இரண்டு சிறகும் மங்கி, உடனே பழையபடி எரிந்தன. மறுபடி 'தும்'. மறுபடி மங்கல். பின்னால் யாரோ பெண்கள், ஆடுது பாரு, ஆடுது பாரு என்று சிரித்தார்கள்.

பாட்டுக்கு ஆடும்படி அவள் எதையும் செய்யவில்லை.

நாடா கையிலிருந்து உருண்டு தரையில் ஓடியது. அவள் வீடியோவை மறுபடி போட்டாள். ஒரு சிறகு மட்டும் அணைந்து எரிந்தால் எங்கோ ஒரு கம்பி அறுந்து தொங்குகிறது என்று அர்த்தம். அது பரவாயில்லை. அறுந்தது அறுந்ததோடு போகும். ஆனால் இரண்டும் ஒன்றாக மங்கினால், எங்கோ சேரக்கூடாத இரண்டு கம்பிகள் சேர்கின்றன. விளக்குகளுக்குப் போக வேண்டிய மின்சாரம் மொத்தமும் ஒரு நொடி குறுக்கு வழியில் பாய்ந்துவிட்டுத் திரும்புகிறது. மூன்றாவது தடவை போட்டாள். ஒரே ஒரு தடவையாவது ஒரு சிறகு தனியாக மங்கிவிடாதா என்று பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவேதான் மங்கின. ஒவ்வொரு அடிக்கும் தவறாமல்.

எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தேட வேண்டியதே இல்லை. இடது தோள்பட்டைக்குப் பின்னால், சிறகைத் தாங்கும் அலுமினியக் குழாயில் கம்பி போக அவள் போட்ட துளை.

போன வருஷமும் இதே சிறகுதான். அப்போது சின்ன விளக்குப் பட்டை, பவர் பேங்க் ஒன்றை இடுப்பில் செருகியிருந்தாள். வீட்டுக்குள் அழகாக இருந்தது. வெளியே மாலை வெயிலில் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, உங்க பறவை தூங்குது போல என்றாள். அது ஒன்றும் இல்லை. அன்றிரவு போனில் ரஹாயு, லைட்டு போடவே இல்லையா என்று கேட்டதுதான் குத்தியது. லாரஸ் போனைக் கீழே வைத்தாள். பிறகு வினார்த்தியிடம் வந்து, "அடுத்த வருஷம் அம்மாவுக்குத் தெரியற மாதிரி வைங்க சித்தி" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அதற்காகத்தான் பெரிய எல்.இ.டி. ஒவ்வொன்றும் நட்சத்திர வடிவ அலுமினியத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் கொஞ்ச நேரத்துக்கு எங்கு பார்த்தாலும் பச்சைப் பொட்டு தெரியும். அதற்குப் பவர் பேங்க் போதாது. பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து செல்களை எடுத்தாள். ஒன்றோடொன்று கோத்து, நீலப் பிளாஸ்டிக் உறை சுற்றி, செங்கல் போல ஒரு கட்டு செய்தாள். மின்சாரம் அதிகம் என்பதால் கம்பியும் தடியாக வேண்டும். தடிக் கம்பி பழைய துளையில் நுழைந்தது, ஆனால் துளையின் விளிம்பில் அவள் போட்டிருந்த ரப்பர் வளையத்தோடு சேர்ந்து நுழையவில்லை. வளையத்தைக் கழற்றி ஊசி டப்பாவுக்குள் போட்டாள். நாளைக்குத் துளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். இப்போது துளையின் அந்தக் கூர்விளிம்பு, லாரியின் ஒவ்வொரு அடிக்கும் கம்பியின் மேல்தோலை ரம்பம் போல அறுத்துக்கொண்டிருக்கிறது.

வளையம் மட்டும் என்றால் கூடப் பரவாயில்லை. கம்பிகள் சேர்ந்தால் உடனே மின்சாரத்தை வெட்டிவிட ஒரு பாதுகாப்பு போர்டு உண்டு. அவளும் வைத்தாள். ஆனால் விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரியும்போது, இவ்வளவு இழுக்கிறாயா என்று அது பயந்து ஒவ்வொரு தடவையும் வெட்டியது. சிறகு ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. இணையத்தில் விளக்கு வேலை செய்கிறவர்களின் குழுவில் கேட்டாள். ஜம்பர் போட்டுடுங்க பூ, நாங்கெல்லாம் அப்படித்தான் என்று யாரோ எழுதினார். போர்டின் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துப் பற்றவைத்தாள். காவல்காரனை வாசலில் உட்காரவைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துவிடுகிற மாதிரி. சிறகு எரிந்தது. அறை முழுக்க வெள்ளையாகிவிட்டது. லாரஸ் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே அவள் பேட்டரிக் கட்டை முதுகுப் பைக்குள் வைத்து, குதிக்கும்போது வெளியே விழுந்துவிடாதபடி, இரட்டை நூல் போட்டுத் தைத்து மூடினாள்.

தைத்து மூடினாள். வினார்த்தி நாற்காலியிலிருந்து கீழே குதித்தாள். சிறகைச் சுமக்கும் கச்சைக்கும் முதுகுப் பக்கம்தான் கயிற்று முடிச்சு. சுவிட்சும் முதுகில்தான், போன வருஷம் லாரஸ் அதை ஓயாமல் தட்டித் தட்டி விளையாடினாள் என்பதற்காக, அவள் கை எட்டாத இடமாகப் பார்த்து வைத்தாள். குழந்தையால் தானாக அணைக்க முடியாது. தானாகக் கழற்றவும் முடியாது. எல்லாவற்றையும் கெட்டியாகச் செய்திருக்கிறாள்.

பூ நானிக்கைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். வகுப்புக் குழுவைத் திறந்து, 'லாரஸின் விளக்கை உடனே அணையுங்கள், தீப்பிடிக்கலாம்' என்று எழுதினாள். அனுப்புகிற குறியின் மேல் விரலை வைத்தாள். வைத்த விரல் நின்றது. குழுவில் எல்லாப் பெற்றோரும் இருக்கிறார்கள். ரஹாயுவும் இருக்கிறாள். தைவானில், கிழவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடி, ஓடி வர முடியாத தூரத்தில், அவள் இதைப் படிப்பாள். அது ஒரு காரணம். அதற்கு அடியில் இன்னொரு காரணமும் இருந்தது. அது சின்னது, அசிங்கமானது. அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. எழுதியதை அழித்துவிட்டு, 'லாரஸ் விளக்கைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள், பேட்டரி தீர்ந்துவிடும்' என்று அனுப்பினாள்.

வெட்டுக் கத்தரியை எடுத்துப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு வெளியே ஓடும்போதே பதில்கள் வந்தன. ஒருத்தி இதயப் படங்களாகப் போட்டிருந்தாள். இன்னொருத்தி, தீந்தா தீரட்டும் பூ, இப்பதானே அழகா இருக்கு என்றாள். ஒருவர் தன்னிடம் பவர் பேங்க் இருப்பதாகச் சொன்னார்.

பெரிய சாலையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள். வீட்டிலிருந்து ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளை அரிசி ஆலைச் சுவரில் சாய்த்துவிட்டு வாய்க்கால் கரைக்கு ஏறினாள். ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் வீடுகளின் பின்புறம். சிவப்பு வெள்ளைத் தோரணங்களுக்கு அப்பால் சாலை தெரியவில்லை, சத்தம் மட்டும் தெரிந்தது. முதலில் காதில் கேட்கவில்லை; உள்ளங்காலில் கேட்டது. வாய்க்கால் தண்ணீரின் மேல் ஒவ்வொரு அடிக்கும் நுணுக்கமான வளையங்கள் நடுங்கின. ஒவ்வொரு நடுக்கத்துக்கும் அவள் மனதுக்குள் சிறகு மங்கியது. இப்போது ஒரு பொறி. இப்போது இன்னொன்று. அந்த நுரை எப்படி எரியும் என்று அவளுக்குத் தெரியும். மீந்த துண்டு ஒன்று ஒரு தடவை ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் மேல் விழுந்தது. அது எரியவில்லை, உருகியது. உருகி, சொட்டி, சொட்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டு எரிந்தது.

ஓடிக்கொண்டே மறுபடி போனை எடுத்து உண்மையை எழுதப் பார்த்தாள். கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்ததால் வலை செத்துப்போயிருந்தது. செய்தியின் பக்கத்தில் சின்னக் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்பே அனுப்பியிருந்தால் போயிருக்கும். விரல் நின்ற அந்தக் கணத்தில் போயிருக்கும். இப்போது அந்தச் சின்ன, அசிங்கமான காரணம் தானாகவே முன்னால் வந்து நின்றது. குழந்தை எரிந்துவிடுமோ என்று பயப்படுகிற அதே நேரத்தில், தன் வேலையைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்றும் அவள் பயந்திருக்கிறாள். இரண்டு பயமும் ஒரே நெஞ்சில், ஒரே அளவில் இருந்திருக்கின்றன. ஒரு கணம்தான். ஆனால் இருந்தன.

பள்ளிவாசலின் ஒலிபெருக்கி கரகரத்தது. மஃரிப் பாங்கு, அந்தித் தொழுகைக்கான அழைப்பு.

சாலைப் பக்கத்துச் சத்தம் யாரோ கழுத்தைப் பிடித்தது போல நின்றது. பாங்கு நேரத்தில் லாரிகள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். அதை யாரும் மீற மாட்டார்கள். வாய்க்கால் தண்ணீர் தட்டையானது. வினார்த்திக்கு அழுகை வந்தது. அதிர்வு இல்லை என்றால் கம்பிகள் உரசாது. தொழுகை முடியும் வரைக்கும் நேரம் இருக்கிறது. கரையிலிருந்து இரண்டு வீடுகளுக்கு நடுவே இறங்கி, யாருடையதோ துணிக்கொடிக்கு அடியில் குனிந்து, சாலைக்கு வந்தாள்.

கூட்டம் சாலையோரத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இறைச்சி உருண்டைக்காரரின் வண்டியில் ஆவி பறந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற முல்யோ, ஊரே மரியாதையாகப் 'பாக்' என்று அழைக்கும் பாக் முல்யோ, ஊர்க் காவல் சட்டையில், அவள் வழியை மறித்தார்.

"கயித்துக்கு உள்ள போகக்கூடாது பூ. எல்லா அம்மாவும் இப்படித்தான் பவுடர் போட வர்றாங்க."

"பவுடர் இல்ல பாக். பிள்ளை முதுகுல இருக்கற பேட்டரி தீப்பிடிக்கப் போகுது."

சொல்லிவிட்டாள். சொல்வதற்கு இவ்வளவு எளிதாக இருந்தது. பாக் முல்யோ அவள் முகத்தைப் பார்த்தார். உடனே கயிற்றைத் தூக்கினார்.

அறுபத்து மூன்று மாணவர்கள் உள்ள லாரஸ் பள்ளியின் கூட்டம், ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் போட்ட நடுவர் மேடைக்குச் சற்று முன்பாக, லாரியை ஒட்டி நின்றது. தேட வேண்டியிருக்கவில்லை. மங்கிவரும் வெளிச்சத்தில் லாரஸ் மட்டும் ஒரு தனிப் பகல் போல நின்றாள். விளக்குகள் அசையாமல், சுத்தமாக எரிந்தன. பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று ஒருவர் முகத்தை ஒருவர் அந்த வெளிச்சத்தில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லாரஸ் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக நின்றாள்.

பூ நானிக் போனை உயர்த்திப் பிடித்தபடி வந்தார். "இன்னும் கொஞ்ச நேரத்துல மேடை முன்னாடி ஆடணும். அவங்க அம்மா வீடியோல வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பேட்டரி அதுவரைக்கும் தாங்கும்ல?"

வினார்த்தி லாரஸின் பின்னால் போய், சிறகுகளுக்கு நடுவே கையை விட்டு, சுவிட்சைத் தட்டினாள்.

விளக்கு அணையவில்லை.

மறுபடி தட்டினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். சுவிட்சு 'டிக் டிக்' என்று ஒழுங்காகச் சத்தம் போட்டது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சு போன வருஷத்தது. சின்ன விளக்குக்கு வாங்கியது. உள்ளே பாய்ந்த மின்சாரத்தில் அதன் இரண்டு தகடுகளும் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. விரல் நுனியில் சூடு தெரிந்தது. பையைத் தொட்டாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பாத்திரத்தைத் துணியோடு பிடித்தது போலிருந்தது.

லாரியின் மேலிருந்து யாரோ மைக்கைத் தட்டினார்கள். செக், செக். ஒலிபெருக்கிப் பெட்டிகள் உயிர் வந்ததுபோல உறுமின.

"லாரஸ், அசையாதே. மூச்சு மட்டும் விடு."

"என்ன சித்தி பண்றீங்க? இப்ப கழட்டாதீங்க. அம்மா வரப்போறாங்க."

கத்தரியை எடுத்தாள். தன் கையால் போட்ட தையலைத் தன் கையால் பிரிக்க முடியவில்லை. இரட்டை நூல், நெருக்கமான தையல், கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காத தையல். கத்தரி முனையைத் துணிக்குள்ளேயே குத்தி இழுத்தாள். துணி கிழிந்தது. நீல உறை தெரிந்தது. அதிலிருந்து தடிக் கம்பிகள் இரண்டும் ஒட்டினாற்போல மேலே போயின. கத்தரியை விரித்து இரண்டையும் சேர்த்து அதன் வாய்க்குள் விட்டாள்.

விட்டவள் நின்றாள். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் கத்தரியின் இரும்பே அவற்றைச் சேர்த்துவிடும். இவ்வளவு நேரம் எதற்குப் பயந்து ஓடிவந்தாளோ அதை, குழந்தையின் முதுகெலும்புக்கு மேல், அவளே செய்து முடித்திருப்பாள். கத்தரியை வெளியே எடுத்தாள். இடக்கையின் நகத்தால் ஒரு கம்பியைப் பிரித்தாள். நகம் வழுக்கியது. மறுபடி பிரித்தாள். சிவப்பு மட்டும். சிவப்பு மட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

இருட்டியது. அவ்வளவு பிரகாசத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரு நிமிடம் கண் தெரியவில்லை. பிள்ளைகள் 'ஓ' என்றார்கள். அந்த 'ஓ'வுக்குள்ளேயே முதல் அடி விழுந்தது, தரை குதித்தது. மற்றக் கம்பியையும் வெட்டி, பேட்டரிக் கட்டைப் பாவாடை நுனியால் பிடித்து வெளியே உருவினாள். உள்ளங்கை தீய்ந்தது. சாலை வேலைக்குக் கொட்டி வைத்த மணல் குவியல் ஒன்று பக்கத்துச் சந்தின் வாயில் இருந்தது. ஓடிப்போய் அதில் புதைத்தாள். மணலை அள்ளி அள்ளி மேலே போட்டாள். போதும் என்று தோன்றிய பிறகும் போட்டாள். பாக் முல்யோ வந்து குவியலுக்குப் பக்கத்தில் கால் விரித்து நின்று, வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைக் கையால் விரட்டினார்.

திரும்பிப் பார்த்தபோது லாரஸ் சந்துக்குள் வந்து நின்றுகொண்டிருந்தாள். அணைந்த சிறகு அவளைவிடப் பெரிதாக, சுவரில் மோதிக்கொண்டு, பாரமாகத் தொங்கியது. முகத்தில் பூசிய வெள்ளிப் பொடி மேல் கண்ணீர் இறங்கியது. லாரிச் சத்தத்தில் அவள் அழுகை கேட்கவில்லை. வினார்த்தி அவளைத் திருப்பி நிறுத்திக் கயிற்றைப் பிரித்தாள். கச்சை கழன்றது. குழாய்த் துளையின் ஓரம் கரி பிடித்திருந்தது. பையின் உட்பக்கத் துணி, இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தது போலப் பழுப்பாகியிருந்தது. அதற்கு அடியில் லாரஸின் உள் பனியனிலும் அதே பழுப்பு, கொஞ்சம் வெளிறி. பனியனைத் தூக்கினாள். தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோல் சிவந்து பளபளத்தது. கொப்புளம் இன்னும் வரவில்லை. இனி வரும்.

லாரி மேடைப் பக்கம் நகர்ந்து, சத்தம் சுவரின் அந்தப் பக்கம் போனது. வினார்த்தி மண்டியிட்டாள்.

"எப்பத்திலேருந்து சுட்டுச்சு?"

லாரஸ் மூக்கை உறிஞ்சினாள். "அரிசி ஆலை தாண்டினப்பலேருந்து."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அணைச்சிடுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தாள்: "நீங்க ராத்திரியெல்லாம் முழிச்சுப் பண்ணீங்க."

வினார்த்தி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அந்தச் சிவந்த இடத்தையே பார்த்தாள். குழந்தையும் கணக்குப் பார்த்திருக்கிறாள். சுடுகிறது என்பது ஒரு தட்டில். அம்மா பார்க்க வேண்டும், சித்தியின் வேலை கெட்டுப்போகக் கூடாது என்பது மறு தட்டில். வாயைத் திறக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு, நேராக நின்றிருக்கிறாள். இதை யாரிடம் கற்றாள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இவ்வளவு நேரம் ஓடியதிலோ, கத்தரியைக் கம்பியில் வைத்ததிலோ வராத ஒரு பயம் இப்போது வந்தது. அது சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. எழுந்து போகிற பயமாகத் தெரியவில்லை.

பூ நானிக் போனை நீட்டிக்கொண்டு சந்துக்குள் வந்தார். திரையில் ரஹாயு. தலையில் வேலைக்காரத் தொப்பி, பின்னால் கட்டிலின் கம்பி.

"லாரஸ்! என்ன கண்ணு, ஒரே இருட்டா இருக்கு? லைட்டு எங்க?"

வினார்த்தி வாயைத் திறப்பதற்குள் லாரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நொடியில் முகம் மாறியது, வாய் சிரித்தது. "பேட்டரி தீந்து போச்சும்மா. அவ்வளவுதான். ரொம்ப நேரம் எரிஞ்சுச்சு. வீடியோல பாத்தீங்கல்ல, டான்ஸ் ஆடுச்சே?"

பேட்டரி தீர்ந்துவிடும். குழுவில் வினார்த்தி எழுதிய அதே சொல். லாரஸ் அதைப் படித்திருக்க வழியில்லை. போன் ஆசிரியையிடம் இருந்தது. தானாகவே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். அழகாக, தடுமாறாமல். ரஹாயுவின் முகத்தில் கவலை விலகத் தொடங்கியது. போகட்டும் கண்ணு, அடுத்த வருஷம் என்று அவள் உதடு அசைந்தது. இதோடு முடித்துக்கொள்ளலாம். பூ நானிக் எதுவும் சொல்ல மாட்டார். கொப்புளத்துக்குக் களிம்பு போட்டால் போதும்.

வினார்த்தி போனை வாங்கினாள். உள்ளங்கைத் தீப்புண் கண்ணாடியில் பட்டு எரிந்தது.

"அக்கா, பேட்டரி தீரல."

லாரஸ் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். வினார்த்தி அந்தக் கையை விலக்கவில்லை. போனைத் திருப்பி, லாரஸின் பனியனைத் தூக்கி, சிவந்த இடத்தைக் காட்டினாள். பிறகு பழுப்பான துணியை. பிறகு கரி பிடித்த துளையை.

"நான்தான் பண்ணேன். வெட்டிவிடற போர்டை நான்தான் ஜம்பர் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன். அது தாளத்துக்கு ஆடல அக்கா. உள்ளுக்குள்ள ஷார்ட் ஆயிட்டிருந்துச்சு."

அவள் முடிப்பதற்குள் அடுத்த பள்ளியின் லாரி சந்து வாய்க்கு வந்தது. 'தும்' என்று விழுந்த அடியில் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. திரையில் ரஹாயு ஏதோ கேட்டாள். காதைத் தொட்டுக் காட்டினாள். போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து, கேட்கவில்லை, மறுபடி சொல்லு என்று வாயசைத்தாள். கண்கள் மட்டும் பயந்துபோயிருந்தன. காட்டியதைப் பார்த்துவிட்டாள், சொன்னது எதுவும் கேட்கவில்லை.

வினார்த்தி தலையசைத்தாள். லாரி மெதுவாகத்தான் போகும். அவள் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் லாரஸைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, அது கடந்து போகக் காத்து நின்றாள். முதல் தடவை சொன்னது வேறு. அது ஓடிவந்த வேகத்தில் வந்துவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் யோசித்துச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொல்லவும் நேரமிருக்கிறது. லாரஸ் நிமிர்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் குறைந்துகொண்டு வந்தது.